அகதிக் கேஸில் எழுதாமல் விட்டவை

1980 ஏப்ரலில் கியூபாவின் மாரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டார் ஃபிடல் காஸ்ட்ரோ. போக நினைப்பவர்கள் போகலாம் என்றார். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் படகேறி ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் எல்லோரையும் அரசு விட்டுவிடவில்லை. நாட்டுக்கு வேண்டாதவர் என்று நிரூபித்தால் வழி எளிது. தன்பாலீர்ப்பாளர்கள் அந்த வேண்டாதவர் பட்டியலில் இருந்தார்கள். எழுத்தாளர் ரெய்னால்டோ அரெனாஸ் காவல் நிலையத்துக்குப் போய், தான் அப்படிப்பட்டவன்தான் என்று தானே சொன்னார். உறவில் உன் பங்கு என்ன என்று கேட்டார்கள். நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தார், அனுமதி கிடைத்தது. ஆனால் அரெனாஸ் என்ற பெயர் வெளியேறக் கூடாதவர் பட்டியலிலும் இருந்தது. பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்தைத் திருத்தி 'அரினாஸ்' ஆகித்தான் அவரால் படகில் ஏற முடிந்தது.

அவர் போய் இறங்கிய அமெரிக்காவில், அன்றைய சட்டப்படி, அதே வாக்குமூலம் ஒருவரைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணம். 1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் மனநோய்த் தன்மை உள்ளவர்கள் என்று சொல்லித் தன்பாலீர்ப்பாளர்களைத் தடுத்தது. அது போதவில்லை என்று 1965இல் பாலியல் பிறழ்வு என்ற காரணத்தையும் சேர்த்தார்கள். கனடாவிலிருந்து வந்து நியூயார்க்கில் வாழ்ந்த கிளைவ் பூட்டிலியர், குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது தன் பழைய கைது ஒன்றை மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையே அவருக்கு வினையானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967இல் தோற்று, நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்.

மாரியேல் படகுகளில் வந்தவர்களை என்ன செய்வது? 1980 செப்டம்பரில் அமெரிக்கக் குடியேற்றத் துறை ஒரு நடுவழி கண்டுபிடித்தது. அதிகாரிகள் கேட்க மாட்டார்கள்; யாரும் கேட்காமலே ஒருவர் வாய் திறந்து சொன்னால் மட்டும் நடவடிக்கை. சட்டத்திலிருந்தே தடை நீங்க 1990 ஆனது. ஆக, ஹவானாவில் உரக்கச் சொல்ல வேண்டியதைக் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டில் விழுங்கிவிட வேண்டும். இத்தனைக்கும் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 90 மைல் கடல்தான்.

குயர் (பால்புதுமை) புலம்பெயர்ந்தோரின் தன்வரலாறுகளை வாசிக்கும்போது நாம் கையோடு கொண்டுபோகும் கதை ஒன்று இருக்கிறது. பிறந்த ஊர் இருட்டு, போய்ச் சேர்ந்த ஊர் வெளிச்சம். நூல்களின் பின்னட்டைகளும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகின்றன. உள்ளே போய் வாசித்தால் வேறு ஏதோ நடக்கிறது. புதிய நாடு அங்கே ஒரு சொர்க்கமாக வருவதில்லை. பெரும்பாலும் ஓர் அதிகாரியின் மேசையாகவும், வாடகை வீடாகவும், பள்ளிக்கூட நடைவழியாகவும் வருகிறது. அந்த மேசையில் உட்கார்ந்து ஒருமுறை சொல்ல நேர்ந்த கதையை மறுபடி, வேறு மாதிரிச் சொல்வதற்காகவே இவர்களில் பலர் எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அரெனாஸின் தன்வரலாறு 'இரவு கவியுமுன்' என்று பொருள்படும் தலைப்பில் ஸ்பானிய மொழியில் 1992இல் வந்தது. 1990 டிசம்பரிலேயே அவர் நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டிருந்தார். தலைப்பு எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1974இல் போலீசுக்குத் தப்பி ஹவானாவின் லெனின் பூங்காவில் ஒளிந்திருந்தபோது, வெளிச்சம் இருக்கும்வரைதான் எழுத முடியும். பல ஆண்டுகளுக்குப் பிறகு, எய்ட்ஸ் முற்றிய உடம்போடு, மீதியை ஒலிநாடாவில் பேசிப் பதிந்தார்.

இந்த நூலில் அமெரிக்காவுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு சின்னது என்பதே ஒரு செய்தி. பக்கத்துக்குப் பக்கம் கியூபாதான்: மழை, மரம், கடல், பாட்டி, பசி, சிறை. தன்னைச் சித்திரவதை செய்த நாட்டை இவ்வளவு ஆசையோடு எழுதியவர்கள் குறைவு. தப்பி வந்து சேர்ந்த மயாமியில் அவர் கண்டது, விட்டு வந்த அதே ஆணாதிக்கமும் அதே ஊர்வம்பும்தான். கியூபாவின் அழகு மட்டும் அங்கே இல்லை. அந்த ஆண்டே நியூயார்க் போய்விட்டார். முதல் சில மாதங்கள் கொண்டாட்டம். அப்புறம் இந்த நாட்டில் எல்லாமே பணம்தான் என்ற கசப்பு. கம்யூனிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் அவர் சொன்ன வித்தியாசம் பலரும் எடுத்துக்காட்டுவது: இரண்டிலும் உதை விழும்; முன்னதில் உதை வாங்கிக்கொண்டே கைதட்ட வேண்டும், பின்னதில் கத்தலாம்; நான் கத்துவதற்காக வந்தேன் என்கிறார். புதிய நாட்டுக்கு அவர் கொடுத்த சான்றிதழ் அவ்வளவுதான். நூலின் முதல் பக்கங்களே, பணமும் மருத்துவக் காப்பீடும் இல்லாத ஒரு நோயாளி மருத்துவமனையில் இடம் தேடி அலைவதிலிருந்துதான் தொடங்குகின்றன. அவர் கத்தலின் ஒரு பகுதி அமெரிக்காவை நோக்கியும்தான்.

அடைக்கலம் கொடுத்த நாட்டை இப்படி எழுதுவது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு அந்த வீட்டில் எப்படி இடம் கிடைத்தது என்பதைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வருவது நல்லது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருத்தல் என ஐந்து காரணங்களைச் சொல்கிறது. பாலீர்ப்பு அதில் இல்லை. கடைசிக் காரணத்துக்குள் அதைக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆயின. மாரியேலில் வந்த கியூபர் ஒருவரின் வழக்கில் 1990இல் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் அதை ஏற்றது. 1994இல்தான் அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ அதை எல்லா வழக்குகளுக்கும் முன்னுதாரணமாக்கினார். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993இல் அந்த வழியைத் திறந்தது. பிரிட்டனிலோ, 'ஊருக்குப் போய் வெளியே தெரியாமல் அடக்கமாக வாழ்ந்துகொள்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவது 2010 வரை நடந்தது. ஈரானியர் ஒருவரும் கேமரூன்காரர் ஒருவரும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதே தீர்ப்பில் நீதிபதி லார்ட் ராட்ஜர், ஆண்களை விரும்பும் ஆண்களுக்குப் பாடகி கைலி மினோக் கச்சேரிக்குப் போகவும் கலர்கலரான காக்டெயில் குடிக்கவும் உரிமை உண்டு என்று உதாரணம் சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். இருந்தாலும் கேமரூனிலிருந்து வந்தவருக்குக் கைலி மினோக் யாரென்று தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி வருகிறதே!

நிரூபிப்பதுதான் இதில் பெரும்பாடு. அரசியல் காரணத்துக்குக் கட்சி அடையாள அட்டையைக் காட்டலாம், தழும்பைக் காட்டலாம். யாரை விரும்புகிறேன் என்பதற்கு எதைக் காட்டுவது? தஞ்சம் கேட்பவர்கள் தங்கள் அந்தரங்கக் காணொளிகளைச் சான்றாகக் கொடுக்கும் நிலை ஐரோப்பாவில் இருந்தது. அதை ஏற்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. மற்றபடி எல்லாமே கதையின் கையில். கதை தெளிவாக, வரிசையாக, ஒரே திசையில் போக வேண்டும். ஊரில் காதல் இருந்தது, சிரிப்பு இருந்தது, ரகசியமாக ஒரு நண்பர் வட்டம் இருந்தது என்று சொன்னால் கேஸ் பலவீனமாகும். அம்மாவை நினைத்து ஏங்குகிறேன் என்றாலும் சிக்கல், அப்படியானால் திரும்பிப் போக வேண்டியதுதானே என்பார்கள்.

இது தமிழ் வாசகருக்குப் புதிய விஷயம் இல்லை. கேஸ் எழுதுவது, கேஸ் ரிஜெக்ட் ஆவது, அப்பீல் போவது எல்லாம் ஈழத்திலிருந்து பாரிசுக்கும் டொராண்டோவுக்கும் போன தலைமுறையின் அன்றாடப் பேச்சு. ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் தொடங்குவதே ஓர் அகதியின் மேல்முறையீட்டுக் கடிதத்தோடுதான். குயர் அகதிக்கு அந்தக் கடிதத்தில் இன்னொரு சுமை சேர்கிறது. மொழிபெயர்க்க வருபவர் தன் ஊர்க்காரராகவே இருப்பார். அவர் முன்னால் இதைச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அவரையே கடைத்தெருவில் பார்க்க நேரலாம்.

எடாஃபே ஒக்போரோ நைஜீரியாவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் இருந்தவர். 2014 ஜனவரியில் அந்த நாட்டில் வந்த சட்டம், தன்பால் திருமணத்துக்கு 14 ஆண்டு வரை சிறை என்றது. கும்பல் தாக்குதலுக்குப் பிறகு 2016இல் அவர் நியூயார்க் வந்து இறங்கித் தஞ்சம் கேட்டார். முதல் சில மாதங்கள் அவர் பார்த்த அமெரிக்கா, நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் உள்ள தடுப்பு மையம். குற்றம் எதுவும் செய்யவில்லை. தஞ்சம் கேட்டதற்கே சிறையுடை. கேஸ் வென்று வெளியே வந்தபோது போக வீடில்லை. பின்னாளில் நியூயார்க்கின் ஹார்லெமில் அகதிகளுக்கான ஒரு தங்குமிடத்தையே அவர் நடத்தினார். 2022இல் வந்த அவருடைய நூலில் தன்கதை பாதி, அமெரிக்கத் தஞ்ச முறை எப்படி மாற வேண்டும் என்ற வாதம் பாதி. இலக்கியமாகப் பார்த்தால் இரண்டாவது பாதி சற்று வறண்டதுதான். ஆனால் தஞ்சம் பெற்றவர் அதைக் கொடுத்த நாட்டிடமே கணக்குக் கேட்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

சிரியாவிலிருந்து லெபனான் வழியாக 2014இல் வான்கூவர் வந்த டேனி ரமதான் 2024இல் எழுதிய நூல் இன்னும் தந்திரமானது. வாசகரையே எதிரே உட்காரவைத்துப் பேசுகிறது. உங்களுக்கு என்னிடம் என்ன கதை வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதை எவ்வளவு தருவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்ற தொனி. ஒருவகையில் இங்கே வாசகர்தான் அந்த அதிகாரியின் நாற்காலியில் இருக்கிறார். நமக்கு அது சங்கடமாக இருக்க வேண்டும் என்றே எழுதுகிறார்.

தனியாகத் தப்பி வந்தவர்களின் கதை இது. குடும்பத்தோடு வந்தவர்களுக்குப் புதிய நாடு வேறு மாதிரித் தெரிகிறது. சம்ரா ஹபீப் பாகிஸ்தானில் அஹ்மதியா குடும்பத்தில் பிறந்தவர். 1974இல் அரசியலமைப்புத் திருத்தம் அஹ்மதியாக்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்றது. 1984இல் வந்த அவசரச் சட்டம் அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதையே குற்றமாக்கியது. சம்ராவின் குடும்பம் 1991இல் கனடா வந்தது மதத்துக்காக. பிற்பாடு அவர் எழுதிய நூலில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான்: சின்ன வயதிலேயே ஒரு உறவுக்காரப் பையனுக்கென்று அவரைப் பேசி வைத்திருந்தார்கள். அந்தக் கல்யாணம் அவருடைய 16 வயதில் நடந்தது லாகூரில் அல்ல, கனடாவில். குடியேற்ற அதிகாரி பெட்டிகளைத்தான் சோதிப்பார். வீட்டு வழக்கங்கள் சோதனையில்லாமல் உள்ளே வந்துவிடும். வெளியே, பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷ் சரியாக வராத பழுப்புநிறப் பிள்ளை என்று கேலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை தான் யாரென்று யோசிக்க நேரம் எங்கே?

அவருக்குக் கனடா தன் நாடாவது டொராண்டோவின் யூனிட்டி மசூதியில். ஆணும் பெண்ணும் பால்புதுமையினரும் ஒரே வரிசையில் தொழும் சின்னக் கூட்டம் அது. மதத்தைத் துறந்து விடுதலை அடைந்த கதையை எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றம்தான். சம்ரா மதத்துக்குள் திரும்பி நுழைந்துதான் நிம்மதி அடைகிறார். 2019இல் வந்த இந்த நூல் அடுத்த ஆண்டு 'கனடா ரீட்ஸ்' போட்டியில் வென்றது. நாடு முழுவதும் வாசிக்க ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும் வானொலி விவாதம் அது. கனடா தன்னைப் பற்றிக் கேட்க விரும்பும் கதையாக இதை எடுத்துக்கொண்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பள்ளி அத்தியாயங்களை வேகமாகத் தாண்டிவிட்டால் அப்படி எடுத்துக்கொள்ளவும் முடியும்.

டொராண்டோவோடு நமக்கு நேரடி உறவே இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து குடும்பத்தோடு கனடா போனவர் ஷியாம் செல்வதுரை. தமிழ்த் தகப்பன், சிங்களத் தாய். 1994இல் வந்த 'ஃபன்னி பாய்' நாவல்தான், தன்வரலாறு அல்ல. ஆனால் ஆண்களை விரும்பும் தமிழ்ப் பையன் ஒருவன் கனடாவுக்குக் கிளம்பும் தறுவாயில் அது முடிகிறது; வீடு எரிந்த சாம்பலைப் பார்த்துவிட்டு வருகிறான். இரண்டு காரணங்களுக்காக நாட்டை விட்டவனுக்கு, எந்தக் காரணத்துக்காக அழுவது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. 2013இல் வந்த அவருடைய இன்னொரு நாவலில்தான் டொராண்டோவின் ஸ்கார்பரோ வருகிறது: குளிர், ஒரே மாதிரி வீடுகள், புதிய நாட்டில் நிலைகொள்ளாத ஒரு பையன், அவன் அம்மா. ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் இருக்கும் அளவுக்கு, யார் எந்தப் பிள்ளையை எங்கே யாரோடு பார்த்தார்கள் என்ற பேச்சும் இருக்கும். புலம்பெயர்ந்த சமூகத்தின் பலம் எதுவோ, குயர் பிள்ளைக்கு அதுவே காவலும் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவில் குடியேறிய பிலிப்பினோக்கள் எழுதியவற்றில் கதை முழுக்கத் தலைகீழாகிறது. ஜீனா ரொசேரோ மணிலாவில் வளர்ந்த திருநங்கை. அங்கே ஊர்த் திருவிழாக்களில் திருநங்கையருக்கான அழகிப் போட்டிகள் நடப்பது சகஜம். குடும்பங்கள் உட்கார்ந்து பார்க்கும். பதின்வயதிலேயே ஜீனா அந்த மேடைகளில் பிரபலம். ஆனால் பிலிப்பைன்ஸ் சட்டம் அவரைப் பெண்ணாக ஏற்காது. அம்மா இருந்த சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்ததும் பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்றிக்கொள்ள முடிந்தது. சட்டம் கொடுத்தது, சரி. அப்புறம் நியூயார்க்கில் மாடலிங் தொழிலுக்குப் போனார். திருநங்கை என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் ஆண்டுக்கணக்கில் அதை மறைத்தே வாழ்ந்தார். 2014 மார்ச்சில் டெட் (TED) உரை மேடையில்தான் வெளிப்படையாகச் சொன்னார். ஊரில் சட்ட அங்கீகாரம் இல்லாமல் ஒளிவுமறைவின்றி இருந்தவர், சுதந்திர நாட்டில் அங்கீகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒளிந்திருந்தார். பின்தங்கிய நாடு, முன்னேறிய நாடு என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு 2023இல் வந்த அவருடைய நூலில் எந்தப் பக்கத்திலும் நேராக நிற்பதில்லை.

ஹோசே அன்டோனியோ வார்கஸுக்கு நெடுங்காலம் ஆவணமே இல்லாதிருந்தது. 1993இல், 12 வயதில், கலிஃபோர்னியாவில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்டார். 16 வயதில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போன இடத்தில்தான் தன் க்ரீன் கார்டு போலி என்று தெரிந்தது. 1999இல் பள்ளியில் தன்பாலீர்ப்பாளன் என்று அறிவித்தார். தாத்தாவுக்கு வந்த கோபத்தில் ஒழுக்கம் பாதி, கணக்கு பாதி: பேரன் அமெரிக்கப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு சட்டப்படி ஆகிவிடுவான் என்றல்லவா அவர் போட்டிருந்த திட்டம்? ஆணை மணந்து குடியுரிமை பெறும் வழி அப்போது இல்லை. 1996ஆம் ஆண்டின் சட்டம் மத்திய அரசு அத்தகைய திருமணத்தை ஏற்பதையே தடுத்திருந்தது. 2013இல்தான் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. உண்மையைச் சொல்லி ஒரு பூட்டைத் திறந்தவர், அதே வாயால் இன்னொரு கதவை அடைத்துக்கொண்டார். ஆவணமில்லாதவன் என்ற இரண்டாவது ரகசியத்தை, புலிட்சர் வென்ற செய்திக் குழுவில் இடம்பெற்ற பிறகு, 2011இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். 2018இல் வந்த அவருடைய நூலின் மூன்று பகுதிகளுக்கும் பொய் சொல்லுதல், வேறொருவராக நடமாடுதல், ஒளிதல் என்றே பெயர்.

மெரடித் டலுசானின் அனுபவம் இன்னும் விசித்திரம். வெளிறு நிறக் குறைபாட்டோடு பிறந்த பிலிப்பினோ அவர். அமெரிக்காவில் பார்ப்பவர்கள் வெள்ளையர் என்றே நினைத்துக்கொண்டார்கள். குடியேறியவருக்குக் கிடைக்காத மரியாதை தோலைப் பார்த்துக் கிடைப்பதை உள்ளிருந்தே பார்த்தவர். பிற்பாடு பெண்ணாக மாறி வாழத் தொடங்கியபோது வேறு சில சலுகைகள் கைவிட்டுப் போவதையும் பார்த்தார்.

இந்த வகை நூல்களில் எனக்கு ஒத்துவராத ஒன்றும் உண்டு. பெரும்பாலானவை இங்கிலீஷில், அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் பதிப்பகங்கள் வழியாக வருகின்றன. கேஸ் ரிஜெக்ட் ஆகித் திருப்பி அனுப்பப்பட்டவர் தன்வரலாறு எழுதும் வாய்ப்பு மிகக் குறைவு. நம் கைக்கு வருபவை தேறியவர்களின் கதைகள். அதிலும் பெற்றோரிடம் சொல்லி, அழுது, கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் காட்சி இருந்தால் விற்பனைக்கு நல்லது. லாம்யா எச். என்ற புனைபெயரில் 2023இல் வந்த நூல் அதற்கு மசியவில்லை. தெற்காசியாவில் பிறந்து, தெற்காசியரைக் கீழ்ப்படியில் வைக்கும் ஒரு பணக்கார அரபு நகரத்தில் வளர்ந்து, படிக்க அமெரிக்கா வந்தவர். அவருக்குப் புதிய நாடு இரண்டு முறை நேர்ந்தது. விசா கெடு, விமான நிலையம், ஹிஜாபைப் பார்த்ததும் மாறும் முகங்கள் எல்லாம் நூலில் வருகின்றன. பெற்றோரிடம் அவர் சொல்வதில்லை. சொன்னால்தான் விடுதலை என்ற அமெரிக்க நண்பர்களின் வற்புறுத்தலையும் அவர் ஏற்பதில்லை. புனைபெயரில் இருக்கும் உரிமையையும் புதிய நாட்டிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். கமால் அல்-சொலைலி 1964இல் இன்றைய ஏமனின் ஏடனில், பதினொரு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். 1967இல் சொத்தை இழந்து குடும்பம் பெய்ரூட், கெய்ரோ, கடைசியில் சனா என்று நகர்ந்தது. நகர நகர வீடு இறுகியது. ஒரு காலத்தில் கடற்கரையில் நீச்சலுடையில் நின்ற அக்காக்கள் முகத்திரைக்குள் போனார்கள். இங்கிலாந்தில் முனைவர் பட்டம் முடித்து 1996இல் டொராண்டோ வந்தவர், 2012இல் எழுதிய தன்வரலாற்றில் அந்த நகரத்தைத் தயங்காமல் கொண்டாடுகிறார். அரபியை வேண்டுமென்றே மறந்ததையும் ஏமன் அழைப்புகளைத் தவிர்த்ததையும் ஒளிக்கவில்லை. நான் தப்பினேன், சகோதரிகள் தப்பவில்லை என்ற குற்றவுணர்வும் நூல் முழுக்க ஓடுகிறது. இந்த வரிசையிலேயே புதிய நாட்டை மனதார நேசித்த நூல் என்று இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 2021இல் அதே ஆள், பிறந்த மண்ணுக்குத் திரும்பிப் போகிறவர்களைத் தேடி ஜமைக்கா, கானா, வட அயர்லாந்து, தைவான் என்று அலைந்து ஒரு நூல் எழுதினார். அதில் தன் ஆசையையும் சொல்கிறார்: ஏமனுக்குத் திரும்ப வேண்டும். அங்கே போர் நடக்கிறது. தன்பாலுறவுக்கு மரண தண்டனை வரை விதிக்கும் சட்டமும் அப்படியே இருக்கிறது. டொராண்டோவில் இருந்தபடியே, மறந்த அரபியைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.